பூஜ்ஜியத்தைச் சந்தேகிக்கப் பழகுங்கள்: கேஸ் டிடெக்டர் முதல் ஒலிமானி வரை, புதியவர்களுக்கு

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. வடிகட்டியிலோ கரித்தூள் குழாயிலோ காற்றை இழுத்துப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்று. முடிவு வர நாளாகும். ஆனால் எந்தப் பொருள், எவ்வளவு என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். கையில் பிடித்த கருவி அங்கேயே, அப்போதே எண்ணைக் காட்டுவது மற்றொன்று. தொட்டிக்குள் ஆளை இறக்கலாமா, கசிவு எந்த மூட்டில், வேலையை இப்போதே நிறுத்த வேண்டுமா என்ற கேள்விகள் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காது. அங்கே நேரடிக் கருவிதான் வேண்டும்.

இந்தக் கருவிகளில் எதுவும் காற்றில் இருப்பதையெல்லாம் அளப்பதில்லை. எரிவது, மின்முனையில் வினைபுரிவது, புற ஊதா ஒளியில் அயனியாவது, ஒளியைச் சிதறடிப்பது என்று ஏதாவது ஒரு குணத்தை அளந்து, அதை எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன. அந்தக் குணம் இல்லாத பொருள் எவ்வளவு நிறைந்திருந்தாலும் திரையில் 0தான். புதிதாக வருபவர்கள் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். பெரிய எண் வந்தால் வெளியேறிவிடுவோம், அதில் சிக்கல் இல்லை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பொய்யான பூஜ்ஜியம். எனவே இந்தக் கட்டுரை முழுக்க ஒவ்வொரு கருவியிடமும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இதில் 0 வந்தால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

நான்கு வாயு டிடெக்டர்: உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு என்று நான்கு எண்கள் இதில் தெரியும். நான்கும் ஒரே பெட்டியில் இருந்தாலும் வேலை செய்யும் விதம் வெவ்வேறு. கெட்டுப்போகும் விதமும் அப்படியே.

ஆக்சிஜன் சென்சாரில் இருந்து தொடங்குவோம். சுத்தமான காற்றில் இது 20.9% காட்ட வேண்டும். 19.5%க்குக் கீழே போனாலும் 23.5%க்கு மேலே போனாலும் அலாரம் அடிக்கும்படி வைப்பது பரவலான வழக்கம். குறைந்தால் மூச்சுக்கு ஆபத்து. கூடினால் துணி, எண்ணெய், முடி எல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளும். பழைய வகை சென்சாருக்குள் ஈய மின்முனை இருக்கும். ஆக்சிஜன் பட்டுப் பட்டு அந்த ஈயம் தீர்ந்துபோகும். கருவியை அணைத்து அலமாரியில் வைத்திருந்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணில் அலாரம் சொல்லாத செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். ஆகவே வேறொரு வாயு உள்ளே நுழைந்து காற்றைத் தள்ளினால், ஆக்சிஜன் 0.1% குறைவதற்குள் அந்த வாயு ஏறத்தாழ 0.48%, அதாவது 4,800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 4,800 பங்கு) வந்திருக்கும். 20.9 என்பது 20.4 ஆகியிருந்தால், வந்த வாயு சுமார் 24,000 பிபிஎம். 19.5%இல் அலாரம் அடிக்கும் நேரத்தில் அது 67,000 பிபிஎம்மைத் தொட்டிருக்கும். துருப்பிடித்தலோ கிருமிகளோ ஆக்சிஜனைத் தின்று குறைத்திருக்கவும் கூடும். எதுவென்று தெரியாதவரை, அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக 20.4ஐ நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது எரியும் வாயு. இதன் எண் எல்இஎல் சதவீதத்தில் வரும். காற்றில் எவ்வளவு கலந்தால் தீப்பிடிக்கத் தொடங்குமோ அந்தக் குறைந்த அளவு 100% எல்இஎல். மீத்தேனுக்கு அது கனஅளவில் 5%. எனவே 10% எல்இஎல் என்றால் காற்றில் 0.5% மீத்தேன், அதாவது 5,000 பிபிஎம். 1815இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய சுரங்க விளக்கில் சுடரின் மேலே எழும் நீல முடியின் உயரத்தைப் பார்த்தே மீத்தேனை மதிப்பிட்டார்கள். இன்றைய பரவலான சென்சாரும் எரித்துத்தான் பார்க்கிறது. உள்ளே இரண்டு சிறு மணிகள், ஒன்றில் வினையூக்கி பூசப்பட்டிருக்கும், மற்றதில் இருக்காது. வாயு வந்தால் முதல் மணியின் மேல் எரிந்து அதைச் சூடாக்கும்; இரண்டு மணிகளின் மின்தடை வேறுபாடு எண்ணாகிறது.

எரிய வேண்டும் என்பதால் இதற்கு ஆக்சிஜன் தேவை. காற்றில் ஆக்சிஜன் 10%க்குக் கீழே போய்விட்டால் இந்த எண்ணை நம்பாதீர்கள். நைட்ரஜன் நிரப்பிய தொட்டியில் பெட்ரோல் ஆவி நிறைந்திருந்தாலும் எல்இஎல் குறைவாகவோ பூஜ்ஜியமாகவோ காட்டலாம். எரியும் வாயு மிக அதிகமாகி காற்றையே வெளியே தள்ளிவிட்டாலும் இதே கதைதான்: எண் சரசரவென்று ஏறி, பிறகு தானாகவே இறங்கும். இறங்கிவிட்டதே என்று உள்ளே போவதுதான் மிக மோசமான தவறு. நல்ல கருவிகள் 100%ஐத் தாண்டியதும் எச்சரிக்கையைப் பூட்டி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அந்தப் பூட்டைச் சுத்தமான காற்றுக்கு வந்த பிறகே விடுவிக்க வேண்டும்.

வினையூக்கியின் எதிரி சிலிகோன். துருநீக்கி ஸ்பிரே, சிலிகோன் பசை, பாலிஷ், சில வகைக் கைக்கிரீம்கள் ஆகியவற்றின் ஆவி மணியின் மேல் படிந்து அதை நிரந்தரமாக மூடிவிடும். செத்த சென்சாரும் சுத்தமான காற்றில் அழகாக 0 காட்டும், பூஜ்ஜியத் திருத்தத்தையும் தாண்டிவிடும். திரையில் எந்தப் பழுதுச் செய்தியும் வராது. சென்சார் நஞ்சேறத் தொடங்கும்போது முதலில் மங்குவது மீத்தேனை உணரும் திறன். பென்டேனுக்கும் புரோப்பேனுக்கும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பதில் வந்துகொண்டிருக்கும். மீத்தேன் வரக்கூடிய இடத்துக்குப் போகிறவர்கள் மீத்தேன் சிலிண்டராலேயே சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னும் ஒன்று. மீத்தேனை வைத்து எண்ணைத் திருத்தி அமைத்த, அதாவது மீத்தேனுக்குக் காலிப்ரேட் செய்த கருவி கனமான கரைப்பான் ஆவிகளைக் குறைத்தே காட்டும். டொலுயீன் போன்றவற்றில் உண்மையில் பாதிகூடக் காட்டாமல் போகலாம். உற்பத்தியாளர் தரும் திருத்தக் காரணிப் பட்டியலைக் கருவியோடு வைத்திருங்கள். அதோடு, எல்இஎல் எண் தீ ஆபத்தை மட்டுமே சொல்கிறது. டொலுயீனின் எல்இஎல் 1.1%, 10% எல்இஎல் அலாரம் சரியாக அடித்தாலும் அப்போது காற்றில் 1,100 பிபிஎம் இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் டொலுயீனுக்கு வகுத்த அளவு 500 பிபிஎம். எல்இஎல் சென்சார் நச்சுத்தன்மையைக் காக்கும் என்று எண்ண வேண்டாம்.

அகச்சிவப்பு வகை சென்சாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை, சிலிகோனாலும் கெடாது. பலரும் இதைக் கேட்டதும் மாறிவிடத் துடிப்பார்கள். ஆனால் அதற்கு ஹைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. ஹைட்ரஜன் வெளிவரும் பேட்டரி சார்ஜ் அறைக்கு அதை எடுத்துப் போனால், அறை வெடிக்கும் நிலையிலும் திரை 0 காட்டும்.

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் மின்வேதி சென்சார்கள். வாயு ஒரு நுண்துளை வழியே உள்ளே போய் மின்முனையில் வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். இவற்றின் குறை, ஆள் மாறாட்டம். கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனும் பிடிக்கும். அதே பேட்டரி அறையில் அந்த எண் ஏறினால் எங்கிருந்து புகை வருகிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். சில மாறாட்டங்கள் எதிர்த்திசையிலும் நடக்கும்: சல்பர் டைஆக்சைடு சென்சாரின் மேல் நைட்ரஜன் டைஆக்சைடு பட்டால் எண் குறையும், இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றையொன்று அழித்து அமைதியான ஒரு எண்ணைத் தரும். குறுக்கு உணர்திறன் அட்டவணை ஒவ்வொரு சென்சாரின் கையேட்டிலும் இருக்கும். படிக்காமல் விடப்படும் பக்கங்களில் அதுதான் முதலிடம்.

ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்பவர்களுக்கு: 100 பிபிஎம் அருகே மூக்கே மரத்துப்போகும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாஷ் வைத்திருக்கும் அளவும் அதே 100. நாற்றம் நின்றுவிட்டது என்பது நல்ல செய்தி அல்ல.

காலையில் செய்ய வேண்டிய சோதனை

தெரிந்த அளவு வாயுவைக் கொடுத்து, சென்சார் உணர்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது அன்றாடச் சோதனை. எண்ணையே திருத்தி அமைப்பது காலிப்ரேஷன். முன்னது ஒவ்வொரு நாளும் பயன்படுத்தும் முன். பின்னது முன்னதில் தோற்றால் அல்லது கையேடு சொல்லும் இடைவெளியில்.

1. கருவியைத் திறந்த வெளியில், வண்டிப் புகை இல்லாத இடத்தில் ஆன் செய்யுங்கள். முன்வடிகட்டி கறுத்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ முதலில் அதை மாற்றுங்கள். திரை 20.9, 0, 0, 0 என்று நிலைபெறும்வரை பொறுங்கள்.

2. பூஜ்ஜியத் திருத்தத்தை இங்கேதான் செய்ய வேண்டும். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் 15 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு உள்ள காற்றில் பூஜ்ஜியம் போட்டுவிட்டால், பிறகு உண்மையில் 50 உள்ள இடத்தில் 35தான் காட்டும். சுத்தமான காற்றுக்கு வந்ததும் எண் மைனஸில் போனால் இது நடந்திருக்கிறது என்று பொருள்.

3. பம்ப் உள்ள கருவியானால் உறிஞ்சும் முனையை விரலால் அடையுங்கள். சில நொடியில் பம்ப் அலாரம் அடிக்க வேண்டும். பிறகு நீளக் குழாயை மாட்டி, குழாயின் கடைசி முனையை அடைத்து மறுபடி பாருங்கள். இரண்டாவது முறை அடிக்கவில்லை என்றால் குழாயில் ஓட்டை. நீங்கள் அளக்கப்போவது தொட்டியின் காற்று அல்ல, உங்கள் பக்கத்துக் காற்று.

4. சோதனை வாயுவைக் கொடுங்கள். வழக்கமான கலவை: மீத்தேன் 2.5% (அதாவது 50% எல்இஎல்), ஆக்சிஜன் 18%, கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம், மீதி நைட்ரஜன். பம்ப் இல்லாத கருவிக்கு நிமிடத்துக்கு 0.5 லிட்டர் தரும் ரெகுலேட்டரும் மூடியும் போதும். பம்ப் உள்ளதற்குத் தேவைக்கேற்பத் திறக்கும் ரெகுலேட்டர் வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் இழுக்கும் அளவுக்கும் சிலிண்டர் தரும் அளவுக்கும் பொருந்தாது.

5. எண்கள் சிலிண்டரின் சீட்டில் உள்ள அளவோடு கையேடு சொல்லும் வரம்புக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் அது 10% கூடக் குறைய. ஒலி, விளக்கு, அதிர்வு மூன்றும் வேலை செய்ய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முழுக் காலிப்ரேஷன். அதிலும் தோற்றால் சென்சாரை மாற்றும்வரை அந்தக் கருவி வேலைக்குப் போகக் கூடாது.

6. வாயுவை நிறுத்தி, எண்கள் மறுபடி 20.9, 0, 0, 0 ஆகும்வரை காத்திருங்கள். உச்ச அளவுப் பதிவை அழியுங்கள். இல்லையென்றால் மாலையில் பார்க்கும்போது 100 பிபிஎம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் தலையைச் சொறிய வேண்டிவரும்.

சோதனை வாயு கொடுக்கும்போது முதலில் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள். அது 18க்கு இறங்காமல் 20.9இலேயே நின்றால், மூடி சரியாக உட்காராமல் வெளிக்காற்று கலக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற எண்கள் குறைந்திருப்பதற்கும் காரணம் அதுவே. எதையும் திருத்திவிடாதீர்கள், மூடியை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் குறைவாக வந்தால் சந்தேகம் குழாயின் மேல்: சில ரப்பர் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். வினைபுரியும் வாயுக்கள் சிலிண்டருக்குள்ளேயே குறைந்துபோகும். காலாவதியான வாயுவைக் கொண்டு காலிப்ரேட் செய்தால், குறைந்துபோன வாயுவை 25 என்று கருவி கற்றுக்கொள்ளும். அதன் பிறகு எல்லா இடத்திலும் கூட்டிக் காட்டும்.

தொட்டி, குழி, மேன்ஹோல்: இறங்கும் முன்

வரிசை மாறக் கூடாது: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு. நான்கும் ஒரே நேரத்தில் திரையில் வந்தாலும் கண் இந்த வரிசையில் போக வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான். ஆக்சிஜன் சரியில்லை என்றால் எல்இஎல் எண்ணுக்கு மதிப்பில்லை.

மூடியை முழுக்கத் திறக்கும் முன், சின்ன இடைவெளியிலோ காற்றுத் துளையிலோ குழாயை விட்டு ஒரு முறை அளந்துவிடுங்கள். திறந்ததும் மேலே, நடுவில், கீழே என்று இறக்கிக்கொண்டே போங்கள், 1.2 மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி அளப்பது நல்ல பழக்கம். காற்றை 1 என்று கொண்டால் மீத்தேனின் அடர்த்தி 0.55, கார்பன் மோனாக்சைடு 0.97, ஹைட்ரஜன் சல்பைடு 1.19, புரோப்பேன் 1.5. மீத்தேன் மேலே தேங்கும், புரோப்பேன் தரையில் படியும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் சூடு, காற்றோட்டம், உள்ளே இருக்கும் தடுப்புகள் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். அதனால் எந்த வாயுவைத் தேடினாலும் மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும்.

எத்தனை நேரம் காத்திருப்பது? குழாயின் ஒவ்வொரு 30 சென்டிமீட்டருக்கும் 2 நொடி, அதற்கு மேல் சென்சார் முழு எண்ணுக்கு வரும் நேரம். 6 மீட்டர் குழாய் என்றால் காற்று வந்து சேரவே 40 நொடி. சென்சாருக்கு இன்னும் 30 முதல் 60 நொடி. ஆக, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடம் நின்றால் பாதுகாப்பு. குழாயை மீன் தூண்டில் போலச் சரசரவென்று இறக்கி ஏற்றினால், திரையில் தெரியும் எண் எந்த ஆழத்துடையது என்று யாருக்கும் தெரியாது.

அடியில் நீரோ சேறோ இருந்தால் குழாய் முனை அதைத் தொடக் கூடாது. மிதவையோ நீர்தடுப்பு வடிகட்டியோ மாட்டுங்கள். ஒரு வாய் நீர் உள்ளே போனால் பம்ப் போச்சு.

காற்றூதியை ஓட்டியபடி மட்டும் அளந்து திருப்தி அடையாதீர்கள். அதை நிறுத்திச் சற்றுப் பொறுத்து அளந்தால்தான் இடத்தின் உண்மையான குணம் தெரியும். அசையாத சேற்றில் பூஜ்ஜியம் காட்டிய ஹைட்ரஜன் சல்பைடு, காலை வைத்துக் கலக்கியதும் குபீரென்று வெளிவரும். எனவே இறங்கும் முன் அளந்தது இறங்குவதற்கு மட்டுமே அனுமதி. உள்ளே இருப்பவர் கருவியை மூக்குக்கும் வாய்க்கும் அருகே, 30 சென்டிமீட்டருக்குள், சட்டைக் காலரில் மாட்டியபடி வேலை செய்ய வேண்டும். இடுப்பில் மாட்டினால் குனிந்து வேலை செய்பவர் சுவாசிக்கும் காற்று அதில் பதிவாகாது.

பிஐடி: கரைப்பான் ஆவிகளுக்கு

நான்கு வாயு டிடெக்டர் ஆயிரம் பிபிஎம் அளவில் விழித்துக்கொள்ளும் இடத்தில், பிஐடி, அதாவது ஒளியால் அயனியாக்கி அளக்கும் கருவி, ஒரு பிபிஎம்முக்கும் கீழே உணரும். உள்ளே ஒரு புற ஊதா விளக்கு. அதன் ஆற்றலைவிடக் குறைந்த அயனியாக்க ஆற்றல் கொண்ட மூலக்கூறுகளை அது அயனியாக்கும். பரவலான விளக்கு 10.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீன் 9.24, டொலுயீன் 8.8, அசிட்டோன் 9.7, இவையெல்லாம் தெரியும். மீத்தேன் 12.6, கார்பன் மோனாக்சைடு 14, டைகுளோரோமீத்தேன் 11.3, இவை தெரியவே தெரியாது. பெயின்ட் நீக்கியில் உள்ள டைகுளோரோமீத்தேன் அறை முழுக்க மணத்தாலும் சாதாரண பிஐடி 0 என்றே காட்டும். 11.7 விளக்கு அதைப் பிடிக்கும். ஆனால் அதன் லித்தியம் ஃபுளோரைடு சாளரம் ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரம் கெடும். தேவைப்பட்டால் மட்டும் வாங்குங்கள்.

பிஐடியைக் காலிப்ரேட் செய்வது ஐசோபியூட்டிலீனால், வழக்கமாக 100 பிபிஎம். அதனால் திரையில் வரும் எண் ஐசோபியூட்டிலீன் கணக்கில் உள்ளது. எந்த ஆவி என்று தெரிந்தால் அதன் திருத்தக் காரணியால் பெருக்குங்கள். டொலுயீனுக்குக் காரணி ஏறத்தாழ 0.5, திரை 40 காட்டினால் உண்மையில் 20. அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 10. திரை வெறும் 3 காட்டினாலும் காற்றில் 30 பிபிஎம் இருக்கிறது. எந்த ஆவி என்று தெரியாமல் காரணியைப் போடுவதில் பயனில்லை. காரணியைத் தேர்ந்தெடுத்தால் கருவி அந்தப் பொருளை மட்டும் அடையாளம் காணும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது வெறும் பெருக்கல், அவ்வளவுதான்.

ஈரம் இதற்கு இரண்டு விதத்தில் தொல்லை. காற்றில் நீராவி அதிகமானால் எண் குறையும். சென்சாரின் மேல் தூசு படிந்து அதில் ஈரம் ஊறினால் மின்கசிவு ஏற்பட்டு எண் தானாக ஏறிக்கொண்டே போகும். சுத்தமான காற்றில் கருவியின் முனையைக் கையால் குவித்து வெதுவெதுப்பான மூச்சை மெல்ல ஊதுங்கள்; எண் நன்றாக ஏறினால் சென்சாரைச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. விளக்கின் சாளரத்தை நீரில்லாத மெத்தனால் தோய்த்த பஞ்சால் துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். விரல் ரேகை படவே கூடாது. மீத்தேன் நிறைந்த குப்பைமேட்டிலும் கழிவுக் குழியிலும் பிஐடி குறைத்துக் காட்டும்: மீத்தேன் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும், ஆனால் தான் அயனியாகாது.

கண்ணாடி நிறக்குழாய்

மின்சாரம் இல்லாத, காலிப்ரேஷன் கேட்காத கருவி. 1917இலேயே ஹார்வர்டில் கார்பன் மோனாக்சைடுக்காக இத்தகைய குழாய் உருவாக்கப்பட்டது. அடிப்படை இன்றும் அதுவே. குழாய்க்குள் இருக்கும் வேதிப்பொருள் குறிப்பிட்ட வாயு பட்டால் நிறம் மாறும். நிறம் மாறிய நீளமே அளவு. பிஐடிக்குத் தெரியாத பல வாயுக்களுக்கும் குழாய் உண்டு.

முதலில் உடைக்காத குழாயைப் பம்பில் செருகி அழுத்தி விடுங்கள். பம்ப் சுருங்கியபடியே நிற்க வேண்டும், விரிந்தால் கசிவு. பிறகு இரண்டு முனைகளையும் உடைப்பானில் வைத்து, கண்ணிலிருந்து விலக்கிப் பிடித்து உடையுங்கள். அம்புக்குறி பம்பை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகச் செருகுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படிச் செருகினால் காப்பு அடுக்கைத் தாண்டாமலே வாயு வந்து தவறான நிறத்தை உண்டாக்கும். ஒரு இழுப்பு 100 மில்லிலிட்டர். குழாயின் மேல் அச்சிட்டுள்ள இழுப்பு எண்ணிக்கையை அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முடிந்ததற்கான குறி வரும்வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள். சில குழாய்களில் ஒரு இழுப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டால் அளவு குறையும்.

நிறத்தின் விளிம்பை உடனே படியுங்கள், காலம் போனால் அது நகரும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, பக்கத்தில் உடைக்காத குழாயை வைத்து ஒப்பிடுங்கள். விளிம்பு சாய்வாக இருந்தால் நீண்ட பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலாக நீண்டால் மங்கலான நிறத்தின் கடைசியை. துல்லியம் கூடக் குறைய 25% என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது; 48ஐயும் 52ஐயும் வேறு வேறு எண்ணாகக் கருதிப் பேச இதில் இடமில்லை. உயரமான மலைப்பகுதியில் படித்த எண்ணை 1013 ஆல் பெருக்கி, அங்குள்ள காற்றழுத்தத்தால் (ஹெக்டோபாஸ்கலில்) வகுக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் குழாயை மற்றொன்றின் பம்பில் போடாதீர்கள். செருகினால் பொருந்தும், ஆனால் இழுக்கும் வேகம் வேறு, எண்ணும் வேறாகும். நிறமே மாறவில்லை என்றால் குழாயின் காலாவதியைப் பார்க்காமல் 0 என்று எழுதாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் முன்பெட்டியில் கிடந்த குழாய் தேதிக்கு முன்பே செத்திருக்கும்.

எண்ணைக் கணக்காக்குவது

திரையில் ஓடும் எண்ணோடு மூன்று சேமிப்புகள் இருக்கும்: உச்சம், 15 நிமிடச் சராசரி, 8 மணி நேரச் சராசரி. கடைசியைக் கையால் போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு 2 மணி நேரம் 60, 1 மணி நேரம் 100, மீதி 5 மணி நேரம் 10 பிபிஎம் என்றால், 120, 100, 50 கூட்டினால் 270. 8 ஆல் வகுக்க 33.75. நியாஷின் 8 மணி நேர வரம்பு 35. வரம்புக்குள் வந்துவிட்டது, ஆனாலும் அந்த 100 பிபிஎம் ஒரு மணி நேரம் எதனால் வந்தது என்பதுதான் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம். நடுவில் கருவியை அணைத்துப் போட்டால் பல கருவிகளில் சராசரி முதலிலிருந்து தொடங்கும். மதிய உணவுக்கு அணைத்தவரின் எண்ணை முழு நாள் எண்ணாக எழுதிவிடாதீர்கள்.

சில வரம்புகள் மில்லிகிராமில் இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் பிபிஎம்மை மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45 ஆல் வகுத்தால், ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். கார்பன் மோனாக்சைடுக்கு 35 × 28 ÷ 24.45 = 40.

ஒலி, வெப்பம், தூசு

ஒலிமானியில் முதல் வேலை, 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் காலிப்ரேட்டரை மைக்கின் மேல் பொருத்திச் சரிபார்ப்பது. வேலை முடிந்தபின் மறுபடி பாருங்கள்; இடையில் 0.5 டெசிபலுக்கு மேல் மாறியிருந்தால் அன்றைய எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். தொழிலிடத்து இரைச்சலுக்கு ஏ எடையும் (காது கேட்கும் விதத்துக்கேற்ப எண்ணைத் திருத்துவது) ஸ்லோ நிலையும் (எண் மெதுவாக மாறுவது) வையுங்கள். கருவியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஒலி எதிரொலித்துக் கூடும். கையை நீட்டியோ முக்காலியிலோ, தொழிலாளியின் காது உயரத்தில் வையுங்கள். ஓர் இயந்திரத்தின் ஒலியைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால், அதை நிறுத்தும்போது பின்னணி 10 டெசிபலாவது குறைய வேண்டும். 90 டெசிபல் இயந்திரம் இரண்டு ஓடினால் 93தான் வரும், 180 அல்ல. அதே கணக்கில், 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: நியாஷ் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம், 88இல் 4 மணி நேரம், 100இல் 15 நிமிடம்.

வெப்பச் சுமைக்கு மூன்று வெப்பமானிகள்: இயற்கையாகக் காற்றுபடும் ஈரத் திரிமானி, 15 சென்டிமீட்டர் கறுப்பு உருண்டை, நிழலில் உள்ள உலர்மானி. வெயிலில் சூத்திரம், ஈரம் × 0.7 + உருண்டை × 0.2 + உலர் × 0.1. ஈரம் 27, உருண்டை 40, உலர் 34 டிகிரி செல்சியஸ் என்றால் 18.9 + 8 + 3.4 = 30.3. வெயில் படாத கூரைக்குள் ஈரம் × 0.7 + உருண்டை × 0.3, அதே எண்களுக்கு 30.9. உருண்டை நிலைபெற 20 முதல் 25 நிமிடம் ஆகும், அதற்கு முன் படித்தால் குறைவாக வரும். திரி பருத்தித் துணி, காய்ச்சி வடித்த நீர், அரை மணி முன்பே நனைத்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து ஆவியாதல் குறையும். திரி காய்ந்துபோனால் ஈரமானி உலர்மானியாகிவிடும். அந்த எண்ணுக்கு 0.7 எடை என்பதால் மொத்தக் கணக்கும் ஏறிவிடும்.

தூசுமானி ஒளிச் சிதறலைத்தான் பார்க்கிறது. ஆலையில் அது அரிசோனா சாலைத் தூசால் காலிப்ரேட் செய்யப்பட்டிருக்கும். உங்கள் தூசு மாவாகவோ உலோகப் புகையாகவோ இருந்தால் எண் கூடவோ குறையவோ செய்யும். பக்கத்திலேயே வடிகட்டி மாதிரி எடுத்து, எடைபோட்டு, அதிலிருந்து ஒரு கன மீட்டர் காற்றுக்கான எடையைக் கணக்கிட்டு, அதைத் தூசுமானியின் சராசரியால் வகுத்துக் காரணி கண்டுபிடியுங்கள். பனிமூட்டத்திலும் ஈரக் காற்றிலும் நீர்த்துளியையும் அது தூசாக எண்ணும். தொடங்கும் முன் நுண்தூசையும் பிடித்துவிடும் ஹெபா வடிகட்டியை மாட்டிப் பூஜ்ஜியம் போடுவதை மறக்காதீர்கள்.

பதிவில் எழுத வேண்டியவை

எண்ணோடு சேர்த்து இடம், உயரம், நேரம், கருவியின் வரிசை எண், அன்றாடச் சோதனையில் வந்த எண்கள், சிலிண்டரின் தொகுதி எண்ணும் காலாவதியும், வெப்பநிலை, ஈரப்பதம், அப்போது நடந்துகொண்டிருந்த வேலை, காற்றூதி ஓடியதா இல்லையா ஆகியவற்றையும் எழுதுங்கள். திரையில் 0 வந்த இடத்தில் "இல்லை" என்று எழுதாமல், "இந்தச் சென்சாரில், இந்தக் கீழ்வரம்புக்கு மேல் காணப்படவில்லை" என்று எழுதுங்கள். படிப்பவருக்கு எதைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

வேலை முடிந்ததும் கருவியைச் சுத்தமான காற்றில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சார்ஜரை அபாயப் பகுதிக்கு வெளியே வையுங்கள். கருவியை வைக்கும் அலமாரியில் சிலிகோன் ஸ்பிரே, கரைப்பான் டப்பா எதுவும் இருக்கக் கூடாது.